நேசன் அண்ணை உள்ளே இல்லை

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் ஒஸ்லோவின் ஹொல்ம்லியா ரயில் நிலையத்தில் நிற்கும் எங்கள் தமிழ் ஆட்கள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். முப்பத்தாறு வயதில் யாரும் ஓய்வு பெறுவதில்லை என்பது அவர்கள் முடிவு. "வேலை போயிட்டுதோ பிள்ளை?" என்று ஓர் அன்ரி குரலைத் தாழ்த்திக் கேட்டார். பக்கத்தில் நின்றவர், தனக்குத் தெரிந்த முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னார்.

வேலை போகவில்லை. உருக்கு வார்க்கும் தொழிற்சாலையில் இப்போதும் வெல்டிங் செய்கிறேன். போனது பதவிதான். அங்குள்ள தொழிற்சங்கக் கிளைக்கு ஐந்து தேர்தல்களில் தலைவியாகத் தெரிவாகி, இந்த வசந்தத்தில் நானாகவே இறங்கிக்கொண்டேன். பிரிவுபசாரத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம் தந்தார்கள். அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.

இதை எழுத வைத்தது ஒரு கேள்வி. இப்போது எங்கள் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாற்றுவதென்றால் கைபேசியை ஒரு தடவை தட்டினால் போதும். புதிதாகச் சேர்ந்த தமிழர்கள் சிலர் மதியச் சாப்பாட்டு வேளையில் என்னிடம், "அக்கா, இது வர முதல் எப்பிடி மாத்தினனீங்கள்?" என்று கேட்டார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. அதனால் சங்க மலருக்குக் கட்டுரையாகவே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊர் மன்னார். அப்பா கடலில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்திருக்கிறார். அம்மா அதுவும் இல்லை. அப்பா நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் கொட்மீன் வெட்டி, எங்களைக் கூப்பிட்டு, பிறகு தெற்கே ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்தார். குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லப் பலமுறை முயன்றிருக்கிறேன்; வரவில்லை. என் வெல்டிங் தேர்ச்சிச் சான்றிதழ் வீட்டு வரவேற்பறையில் இயேசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இரண்டையும் ஒரே உயரத்தில் மாட்டியவர் அப்பா. பங்குச் சாமியார் வந்தபோது கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

தலைவியானது எப்படி என்று பலர் கேட்பார்கள். போராட்டம், மேடைப்பேச்சு என்று எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் நான் கூட்டத்தின் நடுவில் கோப்பி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நோர்வேயில் அறைக்குள் இல்லாதவரைத்தான் பதவிக்குத் தெரிவு செய்வார்கள் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லித்தரவில்லை.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தலைவி என்றால் எம்.பி. மாதிரி என்று நினைத்துக்கொண்டு, எங்கள் கட்டடத்துக்கு இன்னும் இரண்டு கார் தரிப்பிடம் வாங்கித் தரும்படி கேட்டார்.

நான் பேச்சுவார்த்தை நடத்தவேண்டியிருந்தவர் தொழிற்சாலை மேலாளர் ஹோக்கோன். அவருடைய ஆயுதம் மௌனம். நான் ஒரு கோரிக்கையை வைப்பேன். அவர் "யா" என்பார், அதுவும் மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்து. முதல் மாதம் அவருக்கு ஆஸ்துமா என்றே நினைத்திருந்தேன். முன்பு வடக்கில் இருந்த அப்பாதான், "அவங்கள் அப்பிடித்தான் ஓம் சொல்லுறது, நீ பயப்பிடாதை" என்று விளக்கினார். மூச்சை இழுத்த பிறகு ஹோக்கோன் பையிலிருந்து ஒரு தோடம்பழம் எடுப்பார். தோலை அறாமல் ஒரே சுருளாக உரிப்பார். அந்த நேரம் முழுவதும் பேசமாட்டார். அந்த மௌனத்தைத் தாங்காமல் நாங்கள் எதையாவது சொல்லுவோம். சொன்னது பெரும்பாலும் ஏதாவது விட்டுக்கொடுப்பாக இருக்கும். ஒரு பழத்தில் நாங்கள் இழந்த சலுகைகளை நினைத்தால் எனக்கு இன்றும் தோடம்பழம் புளிக்கிறது. பிறகு நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பின்னல் வேலை கொண்டுபோனேன். அவர் உரிக்க நான் பின்னினேன். அந்த வருடம் எங்களுக்கு நல்ல ஒப்பந்தமும் அப்பாவுக்கு ஒரு கழுத்துச் சால்வையும் கிடைத்தன.

இந்த முறையைப் பார்த்து ஒரு மனிதர் மனம் நொந்துபோனார். அவர் பெயர் டேவ். அமெரிக்காவில் ஒரு பெரிய உருக்காலையின் சங்கத் தலைவர். மாநாடு ஒன்றுக்கு ஒஸ்லோ வந்தவர் எங்கள் தொழிற்சாலையை ஒரு நாள் சுற்றிப் பார்த்தார். பதினெட்டு வயதில் அப்பாவுக்குப் பின்னால் அதே உலைக்கு வேலைக்குப் போனவர். பாட்டனும் பேரனும் ஒரே கதவால் நுழைந்த ஆலை. பனியில் மாதக்கணக்கில் மறியல் நின்றிருக்கிறார். பொலிஸ் காரின் பின் இருக்கையில் பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறார். குரல் உலைச் சத்தத்துக்கு மேலே கேட்கப் பழகியது. சாப்பாட்டு அறையிலும் அதே அளவில் வந்தது.

மதியம் நான் ஹோக்கோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாண் சாப்பிட்டதைப் பார்த்து அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எதிராளியோடு ஒரே மேசையா?" என்றார். "ஒரே சீஸும்தான்" என்றேன். மேசையைக் குத்திப் பேசவேண்டும் என்று அவர் எனக்கு மனமார அறிவுரை சொன்னார். அடுத்த பேச்சுவார்த்தையில் குத்தியும் பார்த்தேன். கோப்பி சரிந்து ஹோக்கோனின் மடியில் ஊற்றியது. அவர் துணியால் துடைத்துக்கொண்டே மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "மேசை உனக்கு என்ன செய்தது?"

ஆனால் டேவ் சொன்ன ஒரு கதை மட்டும் என்னோடு நின்றுவிட்டது. அவருடைய ஆலையில் யாருக்கும் பிடிக்காத ஒரு கிரேன் ஓட்டுநர் இருந்தார். அவரை வேலையால் நிறுத்தப் பார்த்தபோது டேவ் வாதாடிக் காப்பாற்றினார். அடுத்த தேர்தலில் ஆட்கள் டேவைத் தோற்கடித்தார்கள். ஏன் காப்பாற்றினீர்கள் என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். "அவனும் சந்தா கட்டியவன்" என்றார்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் தமிழர் பதினைந்து பேர் அளவில் வேலை செய்தோம். நேசன் அண்ணை யாழ்ப்பாணத்தார். மணல் அச்சுப் பகுதி. அன்ரன் அண்ணை எங்கள் மன்னார். பக்கத்தில் தேய்ப்பு வேலை. அங்கே தமிழர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. ஒருவருக்கு அவசரமாக வெளியே போகவேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் கேட்பதில்லை. அருகில் நிற்கும் தமிழரிடம் "ஒருக்கா பாத்துக்கொள்ளு" என்று சொல்லிவிட்டுப் பின் வாசலால் போவார்கள். உள்ளே வரும்போது அட்டையைக் காட்டியாயிற்று, போகும்போது காட்டமாட்டார்கள். கணினியின் கணக்கில் ஆள் உள்ளேதான். அவருடைய வேலையை மற்றவர் சேர்த்துச் செய்வார். ஒரு நாளும் ஒரு அச்சும் குறைந்ததில்லை. எனக்கு மட்டும் இது தெரியாது. "றெஜிக்குச் சொல்லாதை, அவ சட்டம் கதைப்பா" என்பது அந்த வழக்கத்தின் முதல் விதியாம்.

அன்று தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. நேசன் அண்ணையின் மகள் நடனம் ஆடுகிறாள். நிகழ்ச்சி நிரலில் ஐந்து மணி என்று போட்டிருந்தது. மண்டபம் காரில் பத்து நிமிடம். சாப்பாட்டு இடைவேளைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் கணக்குப் போட்டார். எங்கள் விழாக்களுக்கு வாழ்நாள் முழுவதும் போய்வந்த ஒரு மனிதர் நிகழ்ச்சி நிரலை நம்பியது எப்படி என்பது எனக்கு இன்றும் விளங்காத புதிர். ஐந்து மணிக்குச் சிறப்பு விருந்தினர் பேசத் தொடங்கினார். ஆறு மணிக்கும் பேசிக்கொண்டிருந்தார். மகள் சலங்கையோடு திரைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அப்பா எழுந்து போனால் பார்த்துவிடுவாள். நேசன் அண்ணை கைபேசியைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் தொழிற்சாலையில் எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்துத் தீப்பிடித்தது. தீ சிறியது, புகை பெரியது. எல்லோரும் வெளியே ஓடி முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். மேற்பார்வையாளர் பெயர் கூப்பிட்டார். நேசன் என்ற பெயருக்குப் பதில் இல்லை. கணினியைப் பார்த்தார்: உள்ளே.

எங்கள் தீயணைப்புக் குழு வெளியிலிருந்து வருவதல்ல. தொழிலாளர்களே பயிற்சி எடுத்து, முகமூடியும் காற்றுக் கலனும் மாட்டிப் புகைக்குள் இறங்குவார்கள். ஸ்வைன் அதில் மூத்தவர். ஆறடிக்கு மேல், பெரிய தாடி, குறைந்த பேச்சு. அவரும் இன்னொருவரும் உள்ளே போனார்கள்.

வரிசையில் அன்ரன் அண்ணை நின்றார். நேசன் உள்ளே இல்லை என்று அங்கே தெரிந்திருந்த ஒரே ஆள். அவர் என்ன செய்தார் என்றால், நேசனுக்குத் தொலைபேசி எடுத்தார். உள்ளதைச் சொல்லலாமா என்று நேசனிடமே கேட்பதற்கு. மணி போனது; எடுக்கவில்லை. திரும்ப எடுத்தார். நான் பிறகு கேட்டபோது அவர் தந்த விளக்கம் இது:

"தங்கச்சி, அவன் ஃபோனை எடுத்திருந்தா, பின் வாசலாலை ஓடிவந்து வரிசையிலை நிண்டிருப்பான். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது."

"உள்ளுக்கு ஸ்வைன் போய்க்கொண்டிருக்கிறதை நீங்கள் பாக்கேல்லையோ?"

"பாத்தன். அதுதான் கெதியா கெதியா எடுத்தனான்."

ஸ்வைன் முதல் தடவை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். உடை மாற்றும் அறையைப் பார்க்கவில்லை என்று சொல்லித் திரும்பவும் உள்ளே போனார். அப்போதுதான் அன்ரன் அண்ணை மேற்பார்வையாளரிடம் ஓடிப்போய், "நேசன் உள்ளே இல்லை" என்றார். செய்தி போய்ச் சேர்வதற்குள் ஸ்வைன் புகையில் இரும்புப் படியில் தவறி விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். கூடப் போனவர்தான் அவரை இழுத்து வந்தார். அதே நேரம் மண்டபத்தில் விருந்தினர் பேச்சை முடித்தார். நேசன் அண்ணையின் மகள் ஆடத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை இருவருக்கும் கடிதம் வந்தது. வேலையிலிருந்து நீக்குவது பற்றி நிர்வாகம் யோசிக்கிறது, அதற்கு முன் பேச வரவும், சங்கப் பிரதிநிதியை அழைத்து வரலாம். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இருவருக்கும் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

எனக்குத் தொலைபேசி ஓயவில்லை. "நீ ஒரு சொல்லுச் சொன்னாக் காணும் தங்கச்சி." "வெள்ளைக்காரன் எண்டா இப்பிடிச் செய்வாங்களோ?" செய்வார்கள் என்றேன். அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. அப்பா மட்டும் வேறு விதமாக விசாரித்தார்: "பிள்ளை நல்லா ஆடினதாமோ?"

மேலாளர் எனக்குப் பெரிய கவலையாக இருக்கவில்லை. கவலை என் சொந்த அங்கத்தவர்களால் வந்தது. கிளைக் கூட்டத்தைச் சாப்பாட்டு அறையில் கூட்டினேன். வழக்கம்போல வாஃபிள் சுட்டு வைத்திருந்தோம். நோர்வேயில் வாஃபிள் இல்லாமல் ஒரு சண்டையும் தொடங்காது. அன்று யாரும் தொடவில்லை. தீயணைப்புக் குழுவினர் எழுந்து வந்து தங்கள் தலைக்கவசங்களை என் முன்னால் மேசையில் வரிசையாக வைத்தார்கள்.

"அந்த இரண்டு பேரும் திரும்பி வந்தால் நாங்கள் இனிப் புகைக்குள் போகமாட்டோம்" என்றார் அவர்களில் ஒருவர். "உள்ளே ஆள் இருக்கிறது என்றால் இருக்கவேண்டும். அதை நம்பித்தான் போகிறோம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தக் குழு இல்லாமல் உலையை மூட்டவே அனுமதி கிடைக்காது.

பின்னால் இருந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர் குரல் கொடுத்தார்: "றெஜினா தன் ஆட்களுக்காகத்தானே பேசுவாள்."

"முந்தின நாள் விருந்தின் மயக்கம் தெளியாமல் ஃபோர்க்லிஃப்டைக் கழிப்பறைச் சுவருக்குள் விட்டாயே, அன்றைக்கு உனக்காகப் பேசினேன். அப்போது நான் யாருடைய ஆள்?" என்று கேட்டேன்.

அறை சிரித்தது. அவர் சிவந்துபோய் ஒரு வாஃபிள் எடுத்துக்கொண்டார். ஆனால் தலைக்கவசங்கள் மேசையிலேயே இருந்தன. இருவருக்காகவும் நான் வாதாடுவேன், அது என் வேலை என்று சொன்னேன். நீங்கள் நாளை ஒரு முட்டாள்தனம் செய்தால் அப்போதும் வருவேன் என்றேன். கூட்டம் அதற்குமேல் எனக்கு ஒன்றும் தரவில்லை. சட்டத்தைக் காட்டி அவர்களுடைய வேலையைக் காப்பாற்றலாம்; புகைக்குள் போகும்படி ஒருவரைச் சட்டம் காட்டி அனுப்ப முடியாது.

அதனால் ஸ்வைனைப் பார்க்கப் போனோம். நான் முன்கூட்டியே நாள் கேட்டு வைத்திருந்தேன். இங்கே நோயாளியைக்கூடச் சொல்லாமல் பார்க்கப் போகக்கூடாது. நேசன் அண்ணையும் அன்ரன் அண்ணையும் காரிலிருந்து இறங்கினார்கள். மட்டன் ரோல்ஸ், கேக், திராட்சை, தோடம்பழம், நோயாளிக்கென்று பெரிய டின்னில் நெஸ்டமோல்ட் பானமா. கை போதாமல் நானும் ஒரு தட்டைத் தூக்கினேன்.

ஸ்வைன் ஒரு கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டபடி கதவைத் திறந்தார். எங்களையும் பார்த்தார், சாப்பாட்டையும் பார்த்தார். "வேறும் ஆட்கள் வருகிறார்களா?" என்று கேட்டார்.

உட்கார்ந்தோம். நோர்வேஜிய மௌனமும் தமிழ் வெட்கமும் ஒரே சோபாவில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்று கண்டேன். நேசன் அண்ணை தரைவிரிப்பின் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்வைன்தான் தொடங்கினார். அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன். நோர்வேஜிய மொழியிலும் எல்லோருமே "நீ"தான்.

"நான் உன்னைத் தேடேக்கை நீ எங்கை நிண்டனி?"

"மகளின்ரை டான்ஸ் பாக்கப் போனனான்."

"எத்தினை மணிக்கு டான்ஸ்?"

"அஞ்சு மணி எண்டு போட்டிருந்தது."

"தீ பிடிச்சது ஆறுக்குப் பிறகெல்லோ?"

நேசன் அண்ணை என்னைப் பார்த்தார். சிறப்பு விருந்தினர் என்ற ஒன்றை நோர்வேஜிய மொழியில் விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவர் பேசினார், யாரும் நிறுத்தவில்லை என்றேன். ஸ்வைன் யோசித்தார். "அவருக்கு ஏதும் நோய் வருத்தமோ?" என்று கேட்டார்.

அன்ரன் அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினார். அதோடு அவருக்குக் கண் கலங்கியது. "என்னிலைதான் பிழை. நான் வாய் திறந்திருந்தா நீ ரெண்டாந்தரம் போயிருக்க மாட்டாய்" என்றார்.

ஸ்வைன் நேசன் அண்ணையின் பக்கம் திரும்பினார். "அண்டைக்கு நான் என்ன ஷிப்ட் எண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியாது."

"எனக்கு லீவு. தீயணைப்புக் குழுவிலை ஆள் குறைவு எண்டு கூப்பிட்டவங்கள், வந்து சும்மா இருந்தனான். ஏன் என்னட்டைக் கேக்கேல்லை? உன்ரை இடத்திலை நிண்டிருப்பன்."

நேசன் அண்ணை மெல்லச் சொன்னார்: "உனக்கு ஏன் கரைச்சல் தருவான் எண்டு…"

"பதினாலு வருசமா ஒரே அறையிலை உடுப்பு மாத்துறம். நீ அன்ரனைக் கேப்பாய், அன்ரன் உன்னைக் கேப்பான். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, ஆரும் என்னை ஒண்டும் கேட்டதில்லை." அவர் ஒரே தடவையில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "புகைக்குள்ளை உனக்காகப் போகலாம். மணலுக்குப் பக்கத்திலை உனக்காக நிக்கக்கூடாதோ?"

 அவர் எழும்பிப்போய்ச் சமையலறையிலிருந்து தட்டுகள் கொண்டுவந்தார். ஒரு கையால் மட்டன் ரோல் ஒன்றை எடுத்துக் கடித்தார். உறைப்பில் முகம் சிவந்தது. "இது நல்லம்" என்றார், மூச்சை உள்ளே இழுத்தபடி. அது சம்மதமா உறைப்பா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

வாசலில் அவர் என்னிடம் ஒரு நிபந்தனை சொன்னார். அதைக் கேட்டு நான் படியில் நின்றே சிரித்துவிட்டேன். பிறகு அவர் விளையாடவில்லை என்று விளங்கியது.

இனி நிர்வாகத்தோடு கூட்டம். புதிதாக வந்தவர்கள் இதைக் கவனமாக வாசிக்கவும், எப்போதாவது தேவைப்படும். அழைப்பை எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். உள்ளே சொல்லப்படுவது எல்லாம் எழுதப்பட்டு, கடைசியில் உரக்க வாசிக்கப்படும், வாசித்தபின் கையெழுத்து. இரு பக்கமும் உடன்படவில்லை என்றால், உடன்படவில்லை என்று எழுதி அதற்கும் இரு பக்கமும் கையெழுத்துப் போடுவார்கள். டேவுக்கு இதைச் சொன்னபோது கண்ணீர் வரச் சிரித்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இடைவேளை கேளுங்கள். எங்கள் ஆட்களோடு போனால் நான் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவேன். ஏனென்றால் உள்ளே எதைக் கேட்டாலும் "யா, யா" என்று தலையாட்டுவார்கள். கதவைத் தாண்டி நடைபாதைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் கோட்டில் வழக்குப் பேசும் அப்புக்காத்து ஆகிவிடுவார்கள். அன்றும் அப்படித்தான். நேரத்துக்குத் திரும்பாமல் போனது பற்றி உள்ளே ஒரு சொல் பேசாத நேசன் அண்ணை, நடைபாதையில் கையை விரித்து, "நான் களவெடுக்கப் போனனானோ? பெத்த பிள்ளையைப் பாக்கப் போனனான்!" என்று முழங்கினார்.

"அண்ணை, இதை அப்பிடியே உள்ளை சொல்லுங்கோ."

"நீர் சொல்லும் பிள்ளை. நான் சொன்னா வடிவா இராது."

"இல்லை. அவர் உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறார். என்னைப் பாத்து அலுத்துப்போட்டார்."

உள்ளே போனோம். நேசன் அண்ணை சொன்னார். வடிவாகத்தான் இருந்தது. அன்ரன் அண்ணை, தொலைபேசி எடுத்த கதையை ஒளிக்காமல் சொன்னார். ஹோக்கோன் மூச்சை உள்ளே இழுத்தார். தோடம்பழத்தை எடுத்தார். நான் பின்னலை வெளியே எடுக்கவில்லை. அன்று பின்னினால் கண்ணி விட்டுப்போயிருக்கும்.

தோல் பாதி உரிந்தபோது அவர் தானாகவே பேசினார். என் பத்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. "இவர்களை வைத்திருக்கலாம்" என்றார். "ஆனால் தீயணைப்புக் குழு போய்விடும். அப்போது நான் உலையை அணைக்கவேண்டும். இதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது, றெஜினா?"

என்னிடம் இருந்தது ஸ்வைனின் நிபந்தனை. கதவைத் திறந்து, சொன்ன நேரத்துக்கு வந்து காத்திருந்த அவரை உள்ளே கூப்பிட்டேன். அவர் உட்காரவில்லை.

"நான் குழுவிலை இருப்பன். மற்றவங்களோடையும் நான் கதைச்சு வைச்சிருக்கிறன்" என்றார். "ஆனா இவங்கள் ரெண்டு பேரும் குழுவிலை சேரவேணும். பயிற்சி எடுத்து, முகமூடி போட்டு. அடுத்த முறை நான் உள்ளை கிடந்தா இவங்கள் வரட்டும்."

எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அதுவரை அந்தக் குழுவில் சேர்ந்ததில்லை. பிள்ளை குட்டிக்காரர், எங்களுக்கு ஏன் இந்த வேலை என்பது பொதுவான நியாயம். நோர்வேஜியர்களுக்கும் பிள்ளை குட்டிகள் இருப்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நேசன் அண்ணை தன் வயிற்றைப் பார்த்தார். அன்ரன் அண்ணை நேசன் அண்ணையின் வயிற்றைப் பார்த்தார். "அந்த உடுப்பு என்னென்ன அளவிலை இருக்குதாம்?" என்று தமிழில் என்னிடம் கேட்டார்.

இடைவேளை கேட்காமலே இருவரும் ஓம் என்றார்கள். இருவருக்கும் கடைசி எச்சரிக்கைக் கடிதம். நேசன் அண்ணைக்கு வரவிருந்த மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போனது. ஷிஃப்ட் மாற்றுவதென்றால் யாரும் யாரையும் கேட்கலாம், மேற்பார்வையாளருக்குச் சொன்னால் போதும் என்று அன்றே எழுதிக் கையெழுத்திட்டோம். உடன்பட்டுத்தான்.

பயிற்சிக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. இருவரும் காற்றுக் கலனோடு படி ஏறுவதைப் பார்க்கச் சாப்பாட்டு அறை ஜன்னலில் கூட்டம் நிற்கும். நேசன் அண்ணை கொத்துரொட்டியை விட்டார். அன்ரன் அண்ணை விட்டதாகச் சொன்னார்.

கடைசிப் பரீட்சை ஒரு சனிக்கிழமை. பழைய கிடங்கு ஒன்றில் செயற்கைப் புகை நிரப்பியிருந்தார்கள். உள்ளே மயங்கிக் கிடப்பவராக நடிக்க, எலும்பு பொருந்தி வந்திருந்த ஸ்வைன் தானாகவே முன்வந்தார். தொழிற்சாலையிலேயே மிகவும் பாரமான மனிதர். நான் வெளியே நின்று பார்த்தேன். சங்கத் தலைவி என்ற முறையில் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து முகமூடிக்குள்ளால் தமிழ் கேட்டது. "காலைப் பிடி!" "நான் பிடிச்சிருக்கிறது காலெடா!" "அப்ப நான் பிடிச்சது என்ன?"

நீண்ட நேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. புகையோடு புகையாக இருவரும் குனிந்து, பின்பக்கமாக நடந்து, ஸ்வைனைத் தோளுக்கடியில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். பனியில் கிடத்தினார்கள். நேசன் அண்ணை முகமூடியைக் கழற்றிவிட்டு அவருக்குப் பக்கத்திலேயே மல்லாந்து விழுந்தார்.

ஸ்வைன் கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "நேசன். வாற ஞாயிறு என்ரை ஷிப்டை எடுப்பியோ?"

"என்ன விசயம்?"

"மகள் பள்ளிக்கூடப் பாண்டிலை ட்ரம்பெட் ஊதுறாள். ஒரு மணிக்குத் தொடங்கி இருபது நிமிசத்திலை முடிஞ்சிடும். உடனை வந்திடுவன்."

"உடனை ஏன் வாறாய்?" என்றார் நேசன் அண்ணை, மூச்சு வாங்க வாங்க. "இருந்து எல்லாற்றையும் கேட்டு, கேக் சாப்பிட்டு, பிள்ளையோடை வீட்டை போ. நான் நிக்கிறன்."

ஸ்வைனின் தாடி அசைந்தது. தூரத்தில் நின்ற பயிற்சியாளர் குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்: "மயங்கிக் கிடப்பவர் கதைக்கக்கூடாது!"